தெர்மாகோல் தெருவில் சாவிக்காரர் இல்லை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எழுத வைத்தது என் குற்ற உணர்ச்சி. எங்கள் தெருமுனையை எப்படி மாற்றலாம் என்று நகராட்சி எங்களையே கூப்பிட்டுக் கேட்டது. கூட்டம் நடந்த கூடத்தின் நடுவில் தெர்மாகோலில் செய்த எங்கள் தெரு. ஆளுக்கு ஒரு பச்சைப் பொட்டு. பெஞ்ச் எங்கே வேண்டுமோ அங்கே ஒட்டலாம். நானும் ஒட்டினேன்.

2

முதல் தொடக்கம்: அன்று மாலை வானம் சாம்பல் பூத்து...

(வேண்டாம். வானத்துக்கும் பெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது தொடக்கம்: என்னுடையதையும் சேர்த்துப் பதினேழு பொட்டுகள் ஒரே மரத்தடியில் விழுந்தன. மாற்றுச் சாவி செய்து தரும் சாவிக்காரர் இருபது வருடமாக மேசை போட்டிருக்கும் இடம் அது. மாதிரியில் அவர் இல்லை. மாதிரி செய்வதற்காகத் தெருவைப் படம் எடுக்க வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறார்கள், அன்று அவருக்கு விடுமுறை. கொடுமை என்னவென்றால், பதினேழில் ஒரு பொட்டு அவருடையது.

"நீங்களுமா ஒட்டினீங்க?"

"ஆமா சார். சாவி ஆகுற வரைக்கும் ஜனங்க நின்னுக்கிட்டே இருக்காங்க, பாவம். உட்காரட்டும்னு பார்த்தேன். என் மேசையையே தூக்குவாங்கன்னு யாரு கண்டா?"

3

திட்ட அலுவலரான பெண்ணை வில்லியாக்கப் பார்த்தேன். நடக்கவில்லை. மரங்களுக்கெல்லாம் தன் கையாலேயே பச்சை ஸ்பாஞ்ச் ஒட்டியவர் அவர். விஷயம் தெரிந்ததும் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, ஒரு திங்கட்கிழமை போயிருக்கலாமே! சார், நீங்க எழுத்தாளர்தானே? வேற யோசனை எழுதிக் குடுங்க. வியாழக்கிழமை கூட்டத்துல வெக்கிறேன். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

(கையில் படிவத்தையும் திணித்தார். எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் இதுதான் கதி.)

4

முடிவு ஒன்று: மரத்தடியில் பாதி பெஞ்சுக்கு, பாதி மேசைக்கு.

முடிவு இரண்டு: பெஞ்ச் எதிர்ப்பக்கம் போகிறது. அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். போகட்டும்.

முடிவு மூன்று: நகராட்சியே அவருக்கு ஒரு கடை கட்டிக்கொடுத்து, திறப்பு விழாவில் அவர் கண்கள்...

(சரி, சரி. நான் அவ்வளவு அப்பாவி இல்லை.)

மூன்றையும் எடுத்துக்கொண்டு பெருமையாக அவர் மேசைக்குப் போனேன். அரத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். ஆனா அவங்களாவது கூப்பிட்டு ஒரு பொட்டு குடுத்தாங்க. நீங்க அதுகூடக் குடுக்கலையே."

5

வெட்கம் பிடுங்கித் தின்றது. பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"அவசரப்படுத்தாதீங்க சார். வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேன்."

அதனால் கதை இங்கே நிற்கிறது. வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. உங்களுக்கு நல்ல முடிவு ஏதாவது தோன்றினால் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள். நேரே மரத்தடிக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள். அவர் எங்களைப் போல இல்லை, காது கொடுத்துக் கேட்பார்.