நான்காவது கால்

1.

இந்தக் கதை எனக்கு ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் அறையில் கிடைத்தது. ஜன்னலோரம் ஒரு பழைய குழந்தைக் கட்டில் இருந்தது. எஸ்டேட் காலத்துச் சாமான் என்றார்கள். இப்போது வருகிறவர்கள் அதில் பெட்டி வைக்கிறார்கள், நானும் வைத்தேன். மூன்று கால்கள் கருஞ்சிவப்பு மகோகனி, கப்பலில் வந்த மரம். நான்காவது மட்டும் பலா. பூசிய சாயம் போய் மஞ்சளாக இளித்துக்கொண்டிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நானும் நிம்மதியாக ஏரியில் படகு விட்டுவிட்டு ஊர் திரும்பியிருப்பேன்.

கட்டிலில் இன்னொன்றும் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: "மூடுபனி மலையைப் போர்த்தியிருந்த அந்தக் காலையில்—" வேண்டாம். ஏற்காட்டுக் கதையெல்லாம் பனியில்தான் தொடங்குகிறது.

இரண்டாவது: "பொன்னுவேல் ஆசாரி அந்த மரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்." இது இருக்கட்டும்.

பொன்னுவேல் சேலத்திலிருந்து மலையேறி வந்தவன். கிளியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் தச்சு வேலை. எஸ்டேட் கொடுத்த ஒற்றை அறையில் மனைவி காவேரியோடு குடித்தனம். துரைசானிக்குப் பிள்ளை பிறக்க இருந்தது. அதற்குக் கட்டில் செய்ய, அறுத்து இழைத்த மகோகனித் துண்டுகளைத் துரை கப்பலில் வரவழைத்திருந்தார். அளவாக வந்த மரம், ஒரு துண்டு கெட்டாலும் மாற்று கிடையாது. கெடுத்தால் அறையைக் காலி செய்துவிட்டு மலை இறங்க வேண்டியதுதான் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் நல்லமுத்து முதலிலேயே சொல்லிவிட்டார். காவேரியோ நிறைமாசம்.

வேறொருவன் என்றால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பான். பொன்னுவேலுக்கு முடியவில்லை. மரம் காட்டில் எப்படி நின்றதோ அப்படியே கட்டிலின் காலும் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. புரட்டி வைத்தால் படுக்கிறவருக்கு ஆகாது. இங்கே வெட்டுகிற பலா மரம், ஈட்டி மரம் என்றால் விழுந்தவுடனே அடையாளம் போட்டுவிடுவான். எந்தக் காட்டில் யார் வெட்டினார்களோ, நாலு பக்கமும் வழவழவென்று இழைத்து வந்த இந்தத் துண்டில் எது வேர், எது நுனி?

3.

[இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. ஒரு வழக்கத்துக்காகக் குடியிருக்கிற இடத்தைப் பணயம் வைப்பானா? அதனால் அவனுக்கு இறந்துபோன ஒரு குழந்தையைக் கொடுத்தேன். மனசு கேட்காமல் அந்த வரியை அடித்தேன். அடித்ததும் அவன் வெறும் பிடிவாதக்காரனாகிவிட்டான். மறுபடி எழுதினேன்.]

தன் முதல் குழந்தைக்கு அவசர அவசரமாகச் செய்த கட்டிலில் ஒரு காலைப் புரட்டி வைத்துவிட்டான். பல் முளைக்கும் முன்பே அந்தக் குழந்தை போய்விட்டது.

"ஏனுங்க, அது காய்ச்சல்ல போச்சுங்க. மரத்து மேல ஏனுங்க பழி போடறீங்க?" என்றாள் காவேரி.

"நீ சும்மா இரு புள்ள. கால மாத்தி வெச்சவன் நானு."

"இப்பப் பொறக்கறதுக்கு இருக்க ஊடு வேணுமில்லீங்களா? குடுத்த மரத்த அடிச்சுக் குடுத்துட்டு வாங்க."

"அந்தம்மா புள்ளயும் புள்ளதான?"

காவேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே பிடிபடவில்லை.

4.

தண்ணீரில் விட்டால் வேர்ப்பக்கம் கனத்துக் கொஞ்சம் அமிழும். காய்ந்த மரத்தை நனைக்கவே கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் நாலு கால் துண்டுகளையும் ஏரிக்குச் சுமந்துபோனான்.

முதல் துண்டு ஒரு பக்கம் அமிழ்ந்தது. எடுத்து உளியால் கீறினான். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவது மட்டமாக மிதந்தது. திருப்பிப் போட்டான். அப்போதும் மட்டம்.

"சொல்லித் தொலையேன். நொம்பத்தான் அழுத்தம் உனக்கு" என்றான் அந்தத் துண்டிடம்.

அவன் நின்றான், உட்கார்ந்தான், மறுபடி நின்றான். துண்டு ஊறிக்கொண்டே கிடந்தது. அந்த வழியாக வந்த நல்லமுத்து பதறிப்போனார்.

"ஏப்பா ஆசாரி, கடல் தாண்டி நனையாம வந்த மரத்த ஏரியில போட்டிருக்கறயே! புத்தி பெசகிப் போச்சா?"

"கொஞ்சம் பொறுங்க ரைட்டரய்யா. இதுக்கு மட்டும் அடி தெரியலீங்க."

"துரைக்குத் தெரிஞ்சா இன்னிக்கே கீழ எறங்கோணும். நான் பாக்கல, போ."

அடுப்பங்கரையில் வைத்து உலர்த்தியதில் மூன்று துண்டுகள் பிழைத்தன. அதிகம் ஊறிய நான்காவது, நீளவாக்கில் பிளந்துவிட்டது.

பொன்னுவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பிறகு எழுந்து, தானே வெட்டிய பலாவில் ஒரு துண்டை எடுத்தான். அதன் வேர் எது என்று அவனுக்குத் தெரியும். கடைந்து, காசுக்கட்டியால் கருஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, மகோகனி போலவே ஆக்கினான். சாயத்தைக் கரைத்துக் கொடுத்தவள் காவேரி.

5.

முடிவு அ: துரை நகத்தால் சுரண்டுகிறார், மஞ்சள் தெரிகிறது. "உன் கட்டிலையும் தூக்கிக்கொண்டு போ" என்கிறார். மலை இறங்கும் வழியில் காவேரிக்கு இடுப்பு வலி— (நிறுத்திவிட்டேன். அவளை இதற்குமேல் நடக்கவைக்க எனக்குத் தெம்பில்லை.)

முடிவு ஆ: துரைசானி சாயத்தைக் கண்டுபிடிக்கிறாள். பொன்னுவேல், "கொழந்த தூங்கோணுங்கம்மா" என்கிறான். அவள் கட்டிலில் துணி விரிக்கிறாள். (அவள் அவ்வளவு நல்லவளா? ஆசைப்பட்டு எழுதியது.)

முடிவு இ: கட்டிலோடு பங்களாப் படியேறினான். துரையின் பக்கத்தில் நின்ற நல்லமுத்துவின் கண் நேராக நான்காவது காலுக்குப் போனது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு—

இதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை. அவர் காட்டிக்கொடுத்தாரா, விட்டுவிட்டாரா?

6.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். கட்டிலின் மேல்சட்டத்தில், பலாக்கால் இருக்கும் மூலையில், உட்பக்கமாக விரலுக்குச் சில பள்ளங்கள் தட்டுப்பட்டன. விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தேன். பல் தடம். முளைத்த பல்லின் தினவுக்கு ஒரு குழந்தை எட்டிப் பிடித்துக் கடித்துக் கடித்து வைத்த தடம்.

பங்களாவில் வளர்ந்த குழந்தையா, கட்டிலோடு மலை இறங்கிய காவேரியின் குழந்தையா? (இறங்கிய கட்டில் பழஞ்சாமானாக மறுபடி மலையேறியிருக்கலாம்.) நல்லமுத்துவின் வாயை நீங்களே திறந்துகொள்ளுங்கள், இல்லை மூடிக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

நான் என் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டேன்.