கூரையில் தங்கிய குரல்

கல்லூரிக் கூடைப்பந்து அரங்கின் கூரையில் மருந்துக்கடைக்காரரின் கூச்சல் ஒன்று பல வருடமாகத் தங்கியிருக்கிறது. தள்ளுமுள்ளுக்கு ஈடாகத் தடையில்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்காக யாராவது கோட்டில் பந்தோடு நின்றால் இறங்கி வரும், கேட்க வேண்டியதைக் கேட்கும், திரும்பிப் போய்த் தகரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெங்காயக் கிடங்காக இருந்த கட்டடம் அது. கல்லூரி அதை வாங்கி மரத்தளம் போட்டபோது இடம் போதாமல், பார்வையாளர் பலகைகளை ஆடுகளத்தின் எல்லைக்கோட்டை ஒட்டியே போட்டுவிட்டார்கள். வெளியூர்ப் பையன் எறிய நின்றால் முதல் வரிசை சொல்வதெல்லாம் அவன் காதுக்குள்ளேயே விழும். சொந்த அரங்கில் கல்லூரி அணி அதிகம் தோற்காததற்குக் காரணம் ஆட்டம் பாதி, அந்த வரிசை பாதி. மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டு. அப்படி ஒரு தொண்டை அவருக்கு.

இறுதிப் போட்டியன்று காலையில் எதிரணியின் நெட்டைப் பையன் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டான். "தூக்கமே இல்லண்ணே. அம்மாவை அடக்கம் பண்ணிட்டு நேரா இங்க வந்திருக்கேன்" என்றான். "வெறும் வயித்துல போடாதப்பா" என்று மனதாரச் சொல்லித்தான் அனுப்பினார். சாயங்காலம் கடைசி நிமிடத்தில் அதே பையன் கோட்டில் நின்றான். அவன் போட்டால் கோப்பை போச்சு. மருந்துக்கடைக்காரர் எழுந்து, "அம்மா எங்கடா?" என்று கத்தினார். அரங்கமே அவரோடு சேர்ந்து கத்தியது. பையன் திரும்பி அவரை ஒருமுறை பார்த்தான். இரண்டு எறியும் வளையத்தைக்கூடத் தொடவில்லை. மருந்துக்கடைக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினார்கள்.

மறுநாள் பயிற்சியில் சொந்த அணிப் பையன் கோட்டில் நின்றதும் கூரை கேட்டது: அம்மா எங்கடா? தகரத்தை மாற்றினார்கள். குரல் புதுத் தகரத்தில் குடியேறியது. இயற்பியல் பேராசிரியர் எதிரொலி என்று சொல்லிச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்தார். குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது, அவ்வளவுதான். கூடக் கத்தியவர்களின் குரலெல்லாம் எப்படியோ நழுவிவிட்டது, அவருடையது மட்டும் மாட்டிக்கொண்டது. யாருடைய குரல் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. பையன் கடையில் சொன்னதைத்தான் அவர் கத்தினார் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோனது. அதன்பின் கடைக்கு வந்தவர்கள் மாத்திரையின் பெயரைச் சொன்னார்கள், எங்கே வலிக்கிறது என்று சொல்லவில்லை. அதில்தான் அவர் கூனிக்குறுகிப் போனார். அரங்கம் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

அவருடைய மகள் வளர்ந்தாள், நெடுநெடுவென்று. மனைவி ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், கடை நிறைய மருந்து இருந்தும். மகள் அதே கல்லூரியில் சேர்ந்து பெண்கள் அணியில் இடம்பிடித்தபோது, "வேற காலேஜே கிடைக்கலையா?" என்று கேட்டுப் பார்த்தார். முதல் நாள் பயிற்சி முடிந்து வந்தவள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கூரையில் இருப்பது யார் குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வீட்டுக்குள் அவள் முகத்தைப் பார்க்காமல் நடமாடப் பழகிக்கொண்டார்.

முதல் போட்டியன்று அவளே கடை வாசலில் வந்து நின்றாள்.

"மேட்சுக்கு வாங்கப்பா."

"கடைய யாரு பாத்துக்கிறது?"

"பூட்டிட்டு வாங்க."

பூட்டிவிட்டுப் போனார். முதல் வரிசையில் அவருடைய பழைய இடம் காலியாகவே இருந்தது. இரண்டாம் பாதியில் அவளை யாரோ இடித்துத் தள்ள, நடுவர் ஊதினார். அவள் பந்தோடு கோட்டுக்கு வந்தாள். கூரையிலிருந்து அவருடைய இளவயதுக் குரல், வெற்றி வெறி கொஞ்சமும் குறையாமல் இறங்கி வந்தது: அம்மா எங்கடா? அரங்கத்தில் ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மகள் அண்ணாந்து பார்த்தாள். "செத்துப்போயிட்டாங்கப்பா" என்று கூரைக்குப் பதில் சொன்னாள், வீட்டில் சொல்வது போலவே. பிறகு எறிந்தாள். ஒன்று விழுந்தது, ஒன்று விழவில்லை.

அவர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

குரல் இன்னும் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து கோட்டில் நிற்பவர்கள் எல்லோரும் அதற்குப் பதில் சொல்கிறார்கள், வெளியூர்ப் பிள்ளைகள் உட்பட. வேலைக்குப் போயிருக்காங்க, ஊர்ல இருக்காங்க, எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒவ்வொரு பதிலுக்கும் மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று கேட்டுவிட்டு உட்காருகிறார். நடுவரும் அவர் உட்கார்ந்த பிறகுதான் எறியச் சொல்லி ஊதுகிறார்.