ஊசித் தடம்

வம்பன் நால்ரோட்டுக்கு முந்தின நிறுத்தத்தில் பள்ளிக்கூட வேன் நின்றிருந்தது. முன் சீட்டில் யூ.கே.ஜி. படிக்கும் ஷர்லி வாந்தி எடுத்திருந்தாள். டிரைவர் வெற்றிசெல்வன் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, பாட்டில் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவினான். அவளுடைய ஷூவைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டான்.

"காலையில என்ன சாப்ட்ட?"

"பூரி, மாமா."

"எத்தன?"

அவள் நான்கு விரல்களைக் காட்டினாள்.

"எனக்கு ஒன்னு எடுத்து வச்சிருந்தா இப்புடி ஆயிருக்குமா?"

வேனுக்குள் பிள்ளைகள் சிரித்தார்கள். மகனை ஏற்றிவிட வந்திருந்த ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவனுடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஊசி குத்திய புள்ளிகள், பழையதும் புதியதுமாக. ஒன்றைச் சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது. அவள் செல்போனை உயர்த்தியதை அவன் கவனிக்கவில்லை.

ஊருக்கு ஊர் போதை ஊசிப் பேச்சாக இருந்த நேரம் அது. மதியத்துக்குள் அந்தக் கை பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. வேன்களுக்குப் பொறுப்பான பிராங்க்ளின் அவனைத் தனியாக அழைத்துப் படத்தைக் காட்டினார்.

"வெற்றி, என்னப்பா இது?"

"மருந்து ஊசி சார்."

"என்ன மருந்து?"

நான்கு வருடமாகச் சொல்லாததை அவன் சொன்னான். பிறவியிலேயே அவன் ரத்தத்தில் உறையவைக்கும் பொருள் கிடையாது. ஹீமோபிலியா. சின்ன வயதில் தடுக்கி விழுந்தால் மூட்டுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். வருடத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போனதில்லை. இடது முழங்கால் இன்றைக்கும் முழுதாக நீளாது. இப்போது புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில் மருந்து தருகிறார்கள். செவ்வாய், வெள்ளி காலையில் நரம்பில் ஊசி. போட்டுக்கொண்டால் மற்றவர்கள் மாதிரிதான். சாயங்காலம் பேட்மிண்டன் ஆடுவான். ஞாயிற்றுக்கிழமை கிணற்றில் குதித்து நீந்துவான். கல்யாணத்துக்கு எடுத்த மூன்று நாளைத் தவிர லீவே போட்டதில்லை.

பிராங்க்ளின் தாளாளரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "டாக்டர் லெட்டர் கேக்குறாங்க. திங்கக்கெழம கொண்டாந்துரு."

வீட்டில் அவன் மனைவி தேவிப்ரியா தையல் மிஷினிலிருந்து எழுந்துவந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். அவனுக்கு ஊசி போடுவது அவள்தான்.

"எந் தப்புத்தாங்க. அவசரத்துல நரம்பு நழுவிருச்சு. ரெண்டாந்தடவ குத்துனேன் பாருங்க, அதான் கன்னிப்போச்சு."

"மொத நாளு ஊசியப் பாத்தே மயங்கி விழுந்த ஆளு நீ. நர்சம்மா எனக்குக் குடிக்க வச்சிருந்த தண்ணிய ஒனக்குத் தெளிச்சாங்க. இப்ப நரம்ப பத்திப் பேசுற!"

"சிரிக்காதீங்க. மொதல்ல லெட்டர வாங்குற வழியப் பாருங்க."

சனிக்கிழமை இருவரும் பைக்கில் புதுக்கோட்டைக்குப் போனார்கள். டாக்டர் அமுதவல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நோயின் பெயர், மருந்தின் பெயர், வாகனம் ஓட்ட முழுத் தகுதி உள்ளவர் என்பது வரை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் தேவிப்ரியா அதை லேமினேஷன் செய்ய வைத்தாள்.

"எதுக்கு ப்ரியா?"

"மழையில நனைஞ்சுறக் கூடாதுல்ல."

திங்கட்கிழமை தாளாளர் அறைக்கு வெளியே படம் எடுத்த தாயும் வந்திருந்தாள். பிராங்க்ளின் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. புள்ளைய நெனச்சு பயந்துட்டேன்."

"இருக்கட்டும்மா. எம் புள்ள போற வண்டின்னா நானும்தான் கேட்டிருப்பேன்."

உள்ளே தாளாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"போதை இல்லங்கிறது தெளிவாயிருச்சு. சந்தோசம். ஆனா இது ரத்தம் நிக்காத வியாதின்னு போட்டிருக்கே. வண்டி எங்கிட்டாச்சும் தட்டிருச்சுன்னா நீங்களே விழுந்து கெடப்பீங்க. புள்ளைகள யாரு பாக்குறது?"

"தட்டுனா எந்த டிரைவருக்கும்தான் சார் அடிபடும்," என்றாள் தேவிப்ரியா. "ஓட்டலாம்னு டாக்டரே எழுதியிருக்காங்க."

"எழுதுறது டாக்டரு. பதில் சொல்ல வேண்டியது நானு." அவர் வெற்றிசெல்வன் பக்கம் திரும்பினார். "சேரும்போதே ஏன் சொல்லல?"

"இதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல சொன்னேன் சார். ரெண்டு பேரும் சொல்லி அனுப்புறோம்னாங்க. சொல்லி அனுப்பல."

"சாவிய பிராங்க்ளின்கிட்ட குடுத்துருங்க," என்றார் தாளாளர். கடிதத்தை ஒரு ஃபைலுக்குள் வைக்கப் போனார். தேவிப்ரியா மேசைக்கு மேல் கையை நீட்டினாள்.

"அது எங்களுக்கு வேணும் சார்."

வாசல் வரை கூட வந்த பிராங்க்ளின் சாவிக்காக நின்றார். வெற்றிசெல்வன் வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றிக்கொண்டு மீதியைக் கொடுத்தான்.

"பின்னாடி லெஃப்ட் டயரு காத்து எறங்குது சார். நாளைக்கே பாத்துருங்க."

மறுநாளிலிருந்து அவன் மூன்று பள்ளிக்கூடங்களில் கேட்டான். செய்தி அவனுக்கு முன்னால் போயிருந்தது. பத்தாம் நாள் ஆலங்குடி ரோட்டில் ஒரு தேங்காய் மண்டிக்குப் போனான். முதலாளி எந்தத் தாளையும் கேட்கவில்லை.

"லோடு வண்டி ஓட்டுவியா?"

"ஓட்டுவேங்க."

"லோடு இல்லாத நேரம் தேங்கா உரிப்பியா?"

"உரிப்பேங்க."

தேங்காய் உரிக்கும் பாரையில் கை கிழிந்தால் என்ன செய்வது என்று தேவிப்ரியா அவனோடு சண்டை போட்டாள். அன்றிரவு அவனுடைய பழைய ஜீன்ஸை வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து, உள்ளங்கைக்கு ஒரு ஜோடி உறையும் முழங்காலுக்கு ஒரு பட்டையும் தைத்தாள். காலையில் அவற்றைத் தானே அவனுக்குப் போட்டுவிட்டு, விரல்களை மடக்கி நீட்டச் சொன்னாள்.

"இறுக்குதா?"

"மாப்பிள்ளைக்குத் தச்ச மாரி இருக்கு."

"அந்தப் பாரைகிட்ட வெளையாட்டுப் பேச்சு வேணாம். சொல்லிட்டேன்."

மண்டியில் அன்று லோடு இல்லை. இடுப்பு உயரத்துக்கு நட்டிருந்த இரும்புப் பாரைகளின் முன்னால் ஐந்து பேர் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது பாரை அவனுக்கு. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது.

"அண்ணே, நான் புது வேன் டிரைவர் சேவுகன். பிராங்க்ளின் சார் நம்பர் குடுத்தாரு. கலைமதின்னு ஒரு பாப்பா, வல்லத்திராக்கோட்டையில வீடு தெரியலண்ணே."

"கோயில் தாண்டி ரெண்டாவது சந்து. வண்டிய உள்ள விட்டுறாதீங்க, திருப்ப முடியாது. ரோட்டுலயே நில்லுங்க. ஆரன் மட்டும் அடிச்சுறாதீங்க."

"ஏண்ணே?"

"ஆரனக் கேட்டா ரெண்டு பக்கமும் பாக்காம ஓடியாரும். நீங்க எறங்கிப்போயி கையப் புடிச்சுக் கூட்டியாங்க."

"சரிண்ணே." போனுக்குள் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. "ஒங்களுக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னாங்க. ரெஸ்ட்ல இருக்கீங்களா?"

பக்கத்துப் பாரையில் ஒருவன் மட்டையைக் குத்திப் பிளக்கும் சத்தம் வந்தது.

"நல்லா இருக்கேங்க. பாப்பா காத்துக்கிட்டு நிக்கும், போங்க."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஜீன்ஸ் உறையின் நாடாவைப் பல்லால் கடித்து இறுக்கினான். அடுத்த தேங்காயை இரண்டு கைகளாலும் பாரையின் கூருக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முழு பலத்தோடு கீழே இறக்கினான்.