காற்று அணைத்த கற்பூரம்

மேயரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடிக் கை தூக்குவார்கள். அந்த வருஷம் வக்கீல் பக்கமும் கயிற்று முதலாளி பக்கமும் சரிக்குச் சரி. நடுவில் எங்கள் ஆள் செல்லதுரை, சுயேச்சை. அவன் கை போகிற பக்கம் மேயர்.

மலையாளக் கரையில், மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்குகிற எங்கள் தமிழர் லைன் வீடுகளுக்குக் குழாய் கிடையாது. என் மருமகள் சீனியம்மாள் அடுத்த தெருவில் குடம் வைத்தால், "பாண்டிக்கு இவிட வெள்ளமில்ல", தமிழனுக்கு இங்கே தண்ணீர் இல்லை என்று காலால் தள்ளுவார்கள். தெருக்குழாய் போட்டுத் தருவதாக வக்கீல் சொன்னார். அவருக்கே கை தூக்குவதாக மாரியம்மன் முன்னால் சத்தியம் செய்யச் செல்லதுரையைக் கூட்டி வந்தோம்.

கற்பூரம் எரிந்தது. அவன் கையை ஓங்கினான். காயல் காற்று வீசி, கை படுவதற்கு முன்பே சுடர் போய்விட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"லே, கையால அடிச்சு அணைக்கணும். மறுபடி கொளுத்து" என்றேன்.

"ஆத்தாளே அணைச்சிட்டா அண்ணாச்சி. இதுக்கு மேல என்ன வேணும்?"

"கிழவருக்குத் தன் நிழல் மேலயும் சந்தேகம்" என்றான் எங்கள் லைன் பயல் முப்பிடாதி. எல்லோரும் சிரித்தார்கள். யாரும் மறுபடி கொளுத்தவில்லை.

தேர்தலன்று செல்லதுரை கயிற்று முதலாளிக்குக் கை தூக்கினான். மாலையும் கழுத்துமாகக் காரில் வந்து இறங்கியவனை மறித்தேன்.

"சத்தியம் எங்கலே?"

"நான் எங்க பண்ணினேன்? கையால அணைக்கலேன்னு நீருதான சொன்னீரு, அண்ணாச்சி!"

முப்பிடாதி என் பக்கம் திரும்பினான். "ஒம்ம வாயாலதான்யா கெட்டுச்சு." அன்று கூட நின்று சிரித்த பயல், வஞ்சித்தவனை விட்டுவிட்டு என்னை முறைத்தான்.

குழாய் வந்தது, செல்லதுரை வீட்டு முற்றத்துக்கு. கேட்டைத் திறந்தே போட்டிருந்தான். தெரு முழுக்கத் தன் வாசலில் வந்து குனியட்டும் என்றுதான். நான் அந்தக் கேட்டருகில் கற்பூரம் கொளுத்தினேன். காற்றுக்கு வேலை வைக்காமல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். "இந்தத் தண்ணி எங்க வீட்டுல ஏறாது."

மறுநாள் காலையில் சீனியம்மாள் அங்கிருந்து நிறைகுடத்தோடு வந்தாள். வாசலில் குறுக்கே நின்றேன்.

"வழி விடும் மாமா. சத்தியம் ஒம்மது, குடம் என்னுது."

இடுப்பால் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போய் உலை வைத்தாள். அன்றைக்கு நான் பட்டினி.