வெள்ளிக்கிழமை இலைகள்

மஹதிக்குத் தலை கிறுகிறுத்தது. செவ்வாய்க்கிழமை பார்த்த புகையிலை இலையில் பச்சைப் புள்ளிகள் செல்லின் சுவரோரமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. இன்று, சனிக்கிழமை, அதே மைக்ராஸ்கோப், அதே வைரஸ். பச்சையெல்லாம் செல்லுக்குள்ளே வலை வலையாகக் கிடக்கிறது. போன வாரமும் இதே கூத்துதான்.

பச்சையாக ஒளிரும்படி அடையாளம் ஒட்டிய அந்தப் பொருள்தான் அவள் மூன்று வருஷமாகத் துரத்தும் புரதம். வைரஸ் பக்கத்து செல்லுக்குப் போக வழி திறந்துவிடும் ஆசாமி. அது எங்கே குடியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் தீசிஸ் முடிந்தது. சுவரிலா, உள்ளேயா? கேட்ட நாளுக்கு ஒரு பதில் சொல்கிறது பாழாய்ப்போன இலை.

குழம்பினால் பழி போட ஆள் வேண்டுமே. இலையில் வைரஸைத் தடவுவது சாய்சரண். மயிலாப்பூர்ப் பிள்ளை, அதிகம் பேசாதவன். முந்தா நாள் கைடு விஜயராகவனிடம், "சாய் செடியை மாத்தி வெச்சுடறான் போல, சார்" என்று உளறிவைத்தாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இன்றோடு அவன் இந்த அடையாறு லேபுக்கு வர வேண்டாமாம். சாய் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தான். மஹதி அவன் மேஜைக்கே போனாள்.

"நேத்து எப்ப தடவினே, சாய்?"

"மத்தியானம், சாப்ட்டப்புறம்."

"திங்கட்கிழமை?"

"காலைல வந்ததுமே." அவன் நெளிந்தான். "வெள்ளிக்கிழமை பத்தரைலேந்து பன்னெண்டு ராகுகாலம். எங்காத்துல அப்ப எதையும் ஆரம்பிக்க மாட்டா. அது முடிஞ்சு, சாப்ட்டுட்டு வந்துதான் தடவுவேன். சொன்னா நீ சிரிப்பேன்னு சொல்லலை."

மஹதி சிரிக்கவில்லை. அவள் எப்போதும் மறுநாள் காலை ஒன்பதுக்குப் பார்ப்பவள். அப்படியானால் திங்கட்கிழமை இலையைவிட வெள்ளிக்கிழமை இலையில் வைரஸுக்கு நாலு மணி நேரம் வயசு குறைவு! ஓடிப்போய் மறுபடி லென்ஸில் குனிந்தாள். முன்பு வலை மட்டும் இருந்த செல்லில், சுவரை ஒட்டி இரண்டு மூன்று புள்ளிகள் முளைத்திருந்தன. புரதம் அப்போதுதான் சுவருக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு செடியும் மாறவில்லை. வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது.

"வா, சார்கிட்ட சொல்லிடலாம். தப்பு என்னோடது."

"இப்ப வேணாம், மஹதி. சனிக்கிழமை, பத்தரை வரைக்கும்..."

"அதுக்குள்ள உன்னை அனுப்பிடுவார்டா!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாரின் அறை வாசலில் சாய் ஒரு கணம் நின்று, வலது காலை எடுத்து வைத்தான்.