ஒரு பக்க அஞ்சலி

கல்லூரி ஆண்டு மலருக்கு வருவதையெல்லாம் படித்து, எது அச்சேறலாம், எது கூடாது என்று பார்க்கும் பொறுப்பு தமிழாசிரியர் ஜேசுராஜிடம் இருந்தது. மாணவிகள் அவருக்கு 'சென்சார் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது, சிரித்துக்கொண்டார். வேலை இன்னும் நிரந்தரமாகாத ஆளுக்கு அதெல்லாம் பெரிதாக வலிக்கவில்லை.

1988-ல் பெண்கள் விடுதியில் மஞ்சள்காமாலை வந்தது. திருச்சுழிப் பக்கத்துப் பெண் பேச்சியை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வாரம் திரும்புமுன் செத்துப்போனாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் சுபலட்சுமி, அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுப் பெண். மலருக்கென்று அவள் எழுதிக் கொடுத்த ஒரு பக்கத்தில் அழுகையே இல்லை. விடுதித் தண்ணீர்த் தொட்டியில் பல்லி செத்து மிதந்ததும், புகார் சொன்னவர்களை வார்டன் விரட்டியதும் அப்படியே இருந்தன.

"தொட்டிய மட்டும் எடுத்துருவோம்மா. மிச்சத்த நான் எப்படியாச்சும் நிக்க வச்சிர்றேன்" என்றார் ஜேசுராஜ்.

"தொட்டிய எடுத்துட்டா அவ எதனால சார் செத்தா?"

"படிக்கிறவுகளுக்குப் புரியும்மா."

தொட்டி போயிற்று. அட்மிஷன் நேரத்தில் பெற்றவர்கள் கைக்குப் போகிற மலரில் நோய் எதற்கு என்று முதல்வர் கேட்டார். நோயும் போயிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் ஜேசுராஜே அவளைச் சமாதானப்படுத்தினார். கடைசியில் பேச்சியின் படமும் இரண்டு வரியும் மிஞ்சின. "மொகமாச்சும் வரட்டும் சார்" என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

பக்கம் அச்சுக்கோத்த பிறகு, நிர்வாகம் அதுவும் வேண்டாம் என்றது. அச்சகத்துக்காரர் நல்லகண்ணு, "எடம் காலியா நிக்கிதே சார், என்னத்தப் போட?" என்று கேட்டார்.

"விளையாட்டு விழாப் படம் ஒண்ணு இருக்குல்ல, அதப் போடுங்க."

அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

சுபலட்சுமி தான் முதலில் எழுதியதை எடுத்துக்கொண்டு விருதுநகருக்குப் போனாள். அங்கே ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, கட்டாயம் போடுகிறேன் என்றார். அவள் பஸ் ஏறியதும் முதல்வருக்குப் போன் செய்தார். கல்லூரி விளம்பரம் வருடம் தவறாமல் அந்தப் பத்திரிகையில்தான் வந்தது.

மறுநாள் அவள் அப்பா சௌடப்பனை வரச் சொன்னார்கள். உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. மகளை வீட்டில் பேசும் கன்னடத்தில் அதட்டினார். பிறகு முதல்வரைப் பார்த்துத் தமிழில் கும்பிட்டார். "தெரியாம செஞ்சிட்டா, அய்யா. எங்க தறிச்சத்தத்துல வளந்த புள்ள, ஒலகம் தெரியாது."

மன்னிப்புக் கடிதம் எழுதும் வேலை ஜேசுராஜுக்கு வந்தது. 'கேள்விப்பட்ட பொய்களை நம்பி எழுதிவிட்டேன்' என்று பிழையில்லாத தமிழில் எழுதி அவளிடம் நீட்டினார். அவள் நிதானமாகப் படித்தாள்.

"இதுல எதையும் அடிக்க வேண்டாமா சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கையெழுத்துப் போட்டாள். அன்றோடு சௌடப்பன் அவள் படிப்பை நிறுத்திவிட்டார். போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று ஜேசுராஜ் இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போனார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டார்.

அடுத்த ஆண்டு அவருக்கு வேலை நிரந்தரமானது. மலருக்கு வந்தவற்றைக் கட்டாகக் கட்டி மாணவி ஜெபா கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். தாயன்பு, மழை, தேசபக்தி. ஒன்று விடாமல் படித்தார். அடிப்பதற்கு ஒரு சொல்கூட இல்லை.

"வேற எதுவும் வரலையாம்மா?"

"வராது சார்" என்றாள் ஜெபா. "எது எழுதணும்னு எல்லாருக்கும் தெரியும்."

ஜேசுராஜ் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டு அச்சகத்துக்கு அனுப்பினார்.