பிள்ளையார் சுழி போட்ட வாக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பவதாரணியிடம் ஏற்கெனவே இரண்டு வேலைகள் இருந்தன. காலையில் சுவிஸின் பேர்ன் நகர ரயில் நிலையத்துப் பேக்கரியில் வேலை முறை. அது முடிந்தபின் சோதனைக்குப் படிப்பு. தாதியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மருந்தியலில் ஒருமுறை தவறியாகிவிட்டது, மறுசோதனை திங்கட்கிழமை. மூன்றாவது வேலையை நகரசபை அனுப்பியிருந்தது. வாக்காளர் இடாப்பிலிருந்து குலுக்கலில் உங்கள் பெயர் எடுக்கப்பட்டிருக்கிறது, வாக்கு எண்ண வரவும், தகுந்த காரணமின்றி வராவிட்டால் அபராதம்.

பேக்கரியில் கூட வேலை செய்யும் கோபிஷாவுக்குப் போன் போட்டாள்.

“அமெரிக்காவில ஜூரிக்குக் கூப்பிடுறவை எல்லோ, அது மாதிரியோ?” என்றாள் கோபிஷா.

“அது மாதிரித்தான். ஆனா கொலைகாரர் இல்லை. கடதாசி.”

“சோதனை இருக்கெண்டு சொல்லன்.”

“சொன்னனான். சோதனை திங்கள்தானே, எண்ணுறது ஞாயிறுதானே எண்டினம்.”

“சுவிஸ் பாஸ்போர்ட் எண்டு துள்ளினாய், இப்ப அனுபவி. சரி, முறையை நான் எடுக்கிறன். ஈஸ்டருக்கு நீ நிக்கோணும்.”

பவதாரணி சரி என்றாள். கோபமோ சலிப்போ வரவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வகுப்பு, பேக்கரி, பஸ், படுக்கை என்று நாட்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

வீடு நகரின் மேற்கே பூம்ப்ளிஸில், நான்காம் மாடி. அப்பா குணசேகரம் மருத்துவமனைச் சமையலறையில் வேலை. அம்மா சந்திரமதி பாடசாலைகளைத் துப்புரவு செய்பவள். இரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் இருவருக்கும் பவதாரணிக்கும் சுவிஸ் குடியுரிமை கிடைத்தது. அண்ணன் ஜதுஷனுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு சனிக்கிழமை இரவு ரயில் நிலையத்துக்கு வெளியே நடந்த கைகலப்பில் அவன் ஒருவனின் மூக்கை உடைத்திருந்தான். தண்டனை சின்னது. ஆனால் விண்ணப்பத்திலிருந்து அவனுடைய பெயர் மட்டும் வெளியே வந்தது. இதே ஊரில் பிறந்து, இங்கேயே படித்து, இப்போது ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டும் ஜதுஷன் வெளிநாட்டவனாகவே நின்றான்.

அந்தக் கைகலப்புக்காகப் பொலிஸ் வீட்டுக்கு வந்து போன பிறகு அப்பா அவனோடு நேரே கதைப்பதை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டியதை அம்மாவிடமோ பவதாரணியிடமோ சொல்வார். அவனைச் சாப்பிடச் சொல்லு. அவனைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லு. அவன் அதே அறையில்தான் இருப்பான்.

2016 பெப்ரவரி வாக்கெடுப்புக்கான கடதாசிகள் வந்தபோது பவதாரணி அப்பாவின் முன்னால் அவற்றை விரித்து வைத்தாள்.

“அப்பா, இதில நாலு கேள்வி. ஓம் எண்டால் யா, இல்லையெண்டால் நைன், கையால எழுதோணும். மற்ற மூண்டுக்கும் விரும்பினதை எழுதுங்கோ, எழுதாமலும் விடலாம். ரெண்டாவதுக்கு மட்டும் கட்டாயம் நைன்.”

“என்னவாம் ரெண்டாவது?”

“குற்றம் செய்த வெளிநாட்டாக்களை அனுப்புறது. ஒருக்கா தண்டனை வாங்கின ஆள் திரும்பவும் ஒரு அடிதடியில மாட்டினால் அவ்வளவுதான். வேலை செய்யுறானோ, குடும்பம் இஞ்சையோ எண்டு நீதவான் பாக்கேலாது. அனுப்பத்தான் வேணும்.”

“இஞ்ச பிறந்தவையையுமோ?”

“பாஸ்போர்ட் இல்லாட்டி ஆரையும்.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். சோபாவில் கிடந்த ஜதுஷன் தலையைத் தூக்கினான்.

“அப்ப நான் யாழ்ப்பாணம் போய் ட்ராம் ஓட்டப் போறன்.”

“அங்க ட்ராம் இல்லை, அண்ணா.”

“பாத்தியோ, அதுகூட எனக்குத் தெரியாது. பவா, எண்ணுற இடத்தில நீதானே இருக்கப் போறாய்? யா எண்டு கிடக்கிறதில நாலஞ்சை எடுத்து விழுங்கிப் போட்டு வா.”

“விசர்க் கதை கதையாத,” என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “பகிடி விடுறதுக்கு இதுதான் விஷயமோ எண்டு அவனைக் கேளும்.”

பிறகு கடதாசிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உறையைத் தானே ஒட்டி, வேலைக்குப் போகும் வழியில் தானே தபாலில் போட்டார்.

வாக்கு எண்ணும் இடம் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபம். கைப்பேசிகளை நிறுத்தி வாசலில் இருந்த பெட்டிக்குள் போடச் சொன்னார்கள். இங்கே பார்ப்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று உறுதிமொழி வாங்கினார்கள். பவதாரணியின் மேசைக்குப் பொறுப்பாக ஏஷ்லிமன் அம்மையார் இருந்தார். ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி. கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. எதிரே லூக்கா என்ற பல்கலைக்கழக மாணவன், முந்தைய இரவின் களைப்போடு.

அவர்களுடைய மேசைக்குக் கொடுக்கப்பட்டது இரண்டாவது கேள்வி. லூக்கா தாள்களைப் பிரித்தான். நைன் குவியல் ஏஷ்லிமன் அம்மையாரின் பக்கம் போனது. யா குவியல் பவதாரணியின் பக்கம் வந்தது. அவள் அவற்றை எண்ணி, நூறு சேர்ந்ததும் ரப்பர் வளையம் போட வேண்டும்.

முதல் கட்டு வரை ஒவ்வொரு யாவையும் பார்த்தாள். இவர் அண்ணாவைப் போகச் சொல்கிறார். இவரும்தான். இவர் பச்சை மையில் சொல்கிறார். இரண்டாம் கட்டில் அது நின்றுவிட்டது. எழுத்து வெறும் கோடாகியது. கை எண்ணியது. நைன் பக்கம் உயரமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தும் நெஞ்சில் எதுவும் அசையவில்லை. மருந்தியல் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: விறைப்பு ஊசி போட்ட இடத்தில் அழுத்துவது தெரியும், வலி தெரியாது. திங்கட்கிழமை அது வரலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

“இதில் ஏதோ கிறுக்கியிருக்கிறார்கள்,” என்றான் லூக்கா.

ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தான். பவதாரணி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள். தாளின் தலையில், நடுவில், ஒரு ‘உ’. அதன் கீழே இரண்டு சின்னக் கோடுகள். சுழியின் வால் வலப்பக்கம் நீண்டு கடதாசியின் விளிம்பு வரை ஓடியிருந்தது.

அந்த வால் அவளுக்குத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய சாமான் துண்டில் அது இருக்கும். வரிப் படிவத்தில் இருக்கும். அப்பா எதை எழுதினாலும் முதலில் அதைத்தான் போடுவார், கடதாசி முடியும் வரை இழுப்பார்.

முதலாம், மூன்றாம், நான்காம் கேள்விகளுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. இரண்டாவதில் மட்டும் எழுதியிருந்தது. பெரிய ‘J’ எழுத்துக்கும் மேலே புள்ளி வைத்து, கோணாமல், ஆறுதலாக. யா.

“வெளிப்படையான அடையாளம் இருந்தால் வாக்கு செல்லாது,” என்றார் ஏஷ்லிமன் அம்மையார், கண்ணாடியை மூக்கில் ஏற்றியபடி. “இது என்ன, அரபு எழுத்தா?”

“தாய்லாந்து எழுத்து போலிருக்கிறது,” என்றான் லூக்கா.

“தமிழ்,” என்றாள் பவதாரணி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா? நல்லது. இது பெயரா, கையெழுத்தா?”

கையெழுத்து என்று ஒரு சொல் போதும். தாள் செல்லாத வாக்குகளுக்கான சிவப்புத் தட்டுக்குள் விழும், ஒரு யா குறையும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அது முழுப் பொய்யும் அல்ல. விழுங்கிப் போட்டு வா என்று அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. விழுங்கக்கூடத் தேவையில்லை.

இரண்டாம் வகுப்பில் அவளுடைய கணக்குத் தாளின் தலையில் இருந்த சுழியை ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு, இது என்ன என்று கேட்டிருந்தார். அன்று சொன்ன அதே ஜெர்மன் வாக்கியம் இப்போதும் தானாக வாயில் வந்தது.

“எழுதத் தொடங்குவதற்கு முன் எங்கள் ஆட்கள் இதைப் போடுவார்கள். பிள்ளையார் என்ற கடவுளுக்கு. எழுதுவது நல்லபடி முடிய வேண்டும் என்று.”

“அப்படியா, அழகாகத்தான் இருக்கிறது.” ஏஷ்லிமன் அம்மையார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். “அப்படியானால், இதைப் பார்த்து எழுதியவர் யாரென்று யாராலும் சொல்ல முடியாதல்லவா?”

பவதாரணி நீண்ட வாலைப் பார்த்தாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அப்பா கண்ணாடியோடு குனிந்திருப்பதைப் பார்த்தாள். அகதி விசாரணையில், வதிவிட அலுவலகத்தில், குடியுரிமை நேர்காணலில், இந்த நாட்டில் அவரைக் கேள்வி கேட்ட எல்லோரும் பதிலைச் சரிபார்க்கத்தான் கேட்டார்கள். சரிபார்க்காமல் கேட்டது இந்தக் கடதாசி மட்டும்தான். அதற்கு அவர் எழுதிய பதில் இது. பிடிக்கவில்லை என்பதற்காக அதை எடுத்து எறிய அவளுக்கு மனம் வரவில்லை. எறியாமல் விடவும் மனம் வரவில்லை. மனம் என்ற ஒன்றே அந்த நேரம் அகப்படவில்லை.

“முடியாது,” என்றாள்.

“அப்படியென்றால் செல்லும்.”

தாள் மேசையில் வழுக்கி அவள் பக்கம் வந்தது. அவள் அதைத் தன் குவியலின் மேல் வைத்தாள். அடுத்ததை அதன் மேல் வைத்தாள். கட்டு நிறைந்ததும் ரப்பர் வளையம் போட்டாள்.

“நல்ல கடவுள்,” என்றான் லூக்கா. “தொடக்கத்துக்கு மட்டும்தானா, முடிவையும் பார்த்துக்கொள்வாரா?”

“தொடக்கத்துக்கு மட்டும்.”

இடைவேளையில் கழிவறைக்குப் போய் முகம் கழுவினாள். அழுகை வந்தாலும் வரும் என்று கண்ணாடியின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். வேறொருத்தி கை கழுவ வந்து நின்றாள். பவதாரணி இடம் விட்டுக்கொடுத்து வெளியே வந்தாள்.

பஸ்ஸில் வீடு திரும்பியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த ஜதுஷன் அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான்.

“விழுந்திட்டுது, பவா. நாடு முழுக்க நைன். டிவியில சொல்லிப் போட்டினம்.”

“இறக்கு அண்ணா, சப்பாத்து ஈரம்.”

“உன்ர மேசையில எப்பிடி? எத்தினை பேர் என்னைப் போகச் சொன்னவை?”

“வெளியில சொல்லக்கூடாது. சத்தியம் வாங்கினவை.”

“எங்கட தமிழ் ஆக்களும் ஆரும் யா போட்டிருப்பினமோ?”

“கடதாசியில பேர் இருக்காது, அண்ணா.”

“போட்டிருப்பினம். பாஸ்போர்ட் கிடைச்ச உடன பாதைக்குக் கதவு போடுற ஆக்கள் இருக்கினம்.” அவன் சிரித்தான். “பரவாயில்லை. தோத்துப் போச்சினம்.”

அம்மா சமையலறையில் ஆட்டுக்கறியைத் துழாவிக்கொண்டே சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பா பல்கனியில் நின்றார். பவதாரணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு அங்கே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். கீழே தரிப்பிடத்தில் ஈரமான கார்கள் நின்றன.

“அப்பா.”

“ம்.”

“வாக்குச் சீட்டில பிள்ளையார் சுழி போடக்கூடாது. அடையாளமெண்டு சொல்லிச் செல்லாமல் விட்டுடுவினம்.”

அப்பா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பல்கனிச் சுவரில் வைத்தார். வைத்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“எறிஞ்சு போட்டினமோ?”

“இல்லை. என்னெண்டு கேட்டவை. சொன்னன். ஆரெண்டு தெரியாதெண்டும் சொன்னன். அதால எண்ணினது.”

“ஆர் எண்ணினது?”

“நான்தான். என்ர பக்கக் குவியல்.”

உள்ளே ஜதுஷன் யாருக்கோ போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய சிரிப்பு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மெல்லியதாகக் கேட்டது.

“ஏனப்பா?”

திட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. தரிப்பிடத்தில் இடம் இருக்கிறதா என்பதுபோலத்தான் குரல் வந்தது. அப்பாவும் அதே குரலில் பதில் சொன்னார்.

“கேட்டிருந்தினம். நினைச்சதை எழுதினன். அதில அவன்ர பேர் இருக்கேல்லை.”

“உங்கட பேரும்தான் இருக்கேல்லை.”

அப்பா அவளைப் பார்த்தார். மூன்று வருடங்களாக அண்ணன் இருக்கும் பக்கம் திருப்பாமல் வைத்திருக்கும் அதே முகம். அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். களைப்புத்தான் இருந்தது. அவருக்கு அதிகாலை வேலை.

“அம்மாவுக்குச் சொல்லுவியோ?”

“சத்தியம் வாங்கினவை அப்பா.”

அவர் தலையாட்டினார். ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை அவளிடம் கொடுத்தார்.

“அவனைச் சாப்பிட வரச் சொல்லு.”

அவள் கோப்பையோடு உள்ளே போனாள். ஜதுஷன் போனை வைத்துவிட்டுச் சோபாவில் கால் நீட்டியிருந்தான்.

“அண்ணா, சாப்பிட வரட்டாம்.”

“இண்டைக்கும் தபால்தானோ?” என்றான் அவன். சந்தோஷத்தில் இருந்ததால் அது அவனுக்கு வலிக்கவில்லை. “வாறன் எண்டு போய்ச் சொல்லு, தபால்காரி.”

பவதாரணி திரும்பிப் பல்கனிக் கதவடிக்குப் போனாள். கோப்பை இன்னும் கையில் இருந்தது.

“வாறாராம்,” என்றாள்.